அடுப்பு மூட்டாத விருந்து

போன டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம், செம்பூரில் என் மகன் வீட்டுச் சமையல் மேடையில் ஒரு முள்ளம்பன்றி உட்கார்ந்திருந்தது. பயப்பட வேண்டாம். பாதிப் பப்பாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் முதுகெல்லாம் பல்குச்சிகளைக் குத்தி, குச்சிக்கு ஒரு சீஸ் துண்டு, ஒரு அன்னாசித் துண்டு, ஒரு செர்ரிப் பழம். மருமகள் ஷில்பா மராட்டிக்காரப் பெண், கெட்டிக்காரி. செல்போனில் யாரோ ஒரு பெண்மணி சொல்லச் சொல்ல இவள் செய்துகொண்டிருந்தாள். “கேஸே வேண்டாம் ஆயி, ட்வென்ட்டி மினிட்ல பார்ட்டி ரெடி” என்றாள், எனக்காகக் கற்றுக்கொண்ட தமிழில். நானும் ஒத்தாசை செய்கிறேன் பேர்வழி என்று அன்னாசி டின்னைத் திறந்தேன். அந்தப் பாகின் வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், டின்னை அப்படியே வைத்துவிட்டு பால்கனிக்குப் போய்விட்டேன். கிழவிக்கு வேலை செய்யாமல் தப்பிக்க ஒரு சாக்கு என்று அவள் நினைத்திருப்பாள். நினைத்துக்கொள்ளட்டும்.

எனக்கு அன்னாசி பிடிக்கும். டின் அன்னாசிதான் ஆகாது. கேட்டால் பித்தம் என்று சொல்லிவிடுவேன். பித்தம் என்று சொன்னால் யாரும் மேலே கேட்பதில்லை. உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றுகிறது. ஏன் என்றால் நீங்கள் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை.

அறுபதுகளின் நடுவில், ஃபோர்ட் பகுதியில் ஒரு பஞ்சுக் கம்பெனியில் தற்காலிக டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். வெள்ளைக்காரக் கம்பெனி. சுதந்திரம் வந்து பதினைந்து வருஷம் தாண்டியும் பெரிய நாற்காலியில் ஒரு துரை உட்கார்ந்திருந்தார், நாங்களும் அவரைத் துரை என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். இரண்டாம் மாடி முழுக்க ஆபீஸ், அதன் பின்பாதி பஞ்சு மாதிரிகள் வைக்கும் அறை. நீல நிறக் காகிதத்தில் சுருட்டிய பஞ்சு, தரை முதல் கூரை வரை. அதனால் அந்த மாடியில் தீக்குச்சி கிழித்தால் வேலை போய்விடும். டீ கூடத் தெருவிலிருந்துதான் ஏறி வரும். துரையே சுருட்டு பிடிக்க மொட்டை மாடிக்குப் போவார். வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் என் பின்னலில் பஞ்சு ஒட்டியிருக்கும். மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்துப் பெண்கள், “என்னடி, அதுக்குள்ள நரையா?” என்பார்கள். அப்போது எனக்கு இருபது வயது, அதற்குச் சிரிக்கத் தெரிந்திருந்தது.

என்னோடு அதே மாதம் சேர்ந்தவள் எஸ்தர். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம், தாராவியில் வீடு. அப்பா தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர், இயந்திரத்தில் கை நசுங்கி வீட்டோடு இருந்தார். கீழே இரண்டு தம்பிகள் பள்ளிக்கூடத்தில். அந்த வீட்டில் சம்பளம் வாங்குகிறவள் அவள் ஒருத்திதான். எங்கள் வீட்டில் அப்பாவுக்கும் வேலை, அண்ணனுக்கும் வேலை. என் சம்பளத்தில் எனக்குப் புடவையும் அம்மாவுக்கு வெற்றிலையும் வாங்கினோம். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். பின்னால் நான் எனக்குச் சாதகமாக எதையாவது சொல்லப் பார்ப்பேன், அப்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்தர் சயானில் ஏறுவாள். நான் அடுத்த ஸ்டேஷன், மாட்டுங்கா. லேடீஸ் டப்பாவில் ஜன்னலோர இருக்கையைப் பிடித்து, பக்கத்து இடத்தில் தன் சாப்பாட்டுப் பையை வைத்துக் காத்திருப்பாள். அந்த ஒரு ஸ்டேஷன் தூரத்துக்குள் அந்த இடத்துக்காக எத்தனை குஜராத்திப் பெண்களோடு சண்டை போட்டிருப்பாளோ, நான் கேட்டதில்லை. “ஏட்டி, வெரசா ஏறு” என்பாள். என் தமிழை அவள் கேலி செய்வாள், அவள் தமிழை நான். டைப்பிங்கில் அவள் என்னைவிட வேகம். நான் ஒரு கடிதத்தை ரப்பர் வைத்துத் தேய்த்து ஓட்டை போட்டுக்கொண்டிருக்கையில் அவள் மூன்றை முடித்திருப்பாள், நாலாவதாக என்னுடையதையும் வாங்கி அடித்துத் தருவாள். அவளை ஒருநாள் கூட நான் வீட்டுக்கு வா என்று கூப்பிட்டதில்லை. அவளும் கேட்டதில்லை. இரண்டு வருஷம் அப்படியே போயிற்று, எங்கள் இருவருக்கும் அதில் விசேஷமாக ஒன்றும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றவில்லை என்று சொல்வதுதான் சரி.

ஆபீஸ் சூப்பரின்டெண்டெண்ட் கல்யாணராமன். எங்கள் கட்டடத்திலேயே கீழ்த்தளத்தில் குடியிருந்தார். வீட்டருகே மாமா, ஆபீஸில் சார். நெற்றியில் விபூதி, மேலே கோட்டு, கையில் காப்பி ஃபிளாஸ்க். அந்த ஃபிளாஸ்க்கைத் தவிர வேறு எதிலிருந்தும் ஒரு வாய் குடிக்க மாட்டார். வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் பிற்பகல் ஆபீஸில் ஒரு பார்ட்டி நடக்கும். ஹோட்டலிலிருந்து கேக்கும் கட்லெட்டும் வரும். மாட்டுங்காவிலிருந்து வருகிற எங்கள் ஜாதிக் குமாஸ்தாக்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். கல்யாணராமன் ஒரு ஆரஞ்சுப் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நிற்பார். அவர் நிற்பதைப் பார்த்து மற்றவர்களும் ஆளுக்கொரு ஆரஞ்சோடு நிற்பார்கள். கட்லெட்டுக்கு நாக்கு ஊறுகிற இளவட்டங்களும் அதில் உண்டு, ஆனாலும் மாமா போன பிறகுதான் அவர்கள் கை நீளும்.

இங்கே எங்கள் வீட்டுச் சாஸ்திரத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்தது உங்களுக்குப் புரியாது, தப்பித்துவிடுவேன். தீயில் வெந்தது பத்து. அதை நம்மவர் கையால்தான் வாங்கிச் சாப்பிடலாம். வேகாத பழம், தேங்காய், தேன், முந்திரி, ஊறவைத்த பருப்பு இவற்றுக்குத் தோஷமில்லை, யார் கொடுத்தாலும் சாப்பிடலாம். ஆனால் அந்த வேகாத பண்டத்தில் ஒரு சிட்டிகை உப்பு விழுந்தால் போயிற்று, அது சமைத்ததற்குச் சமம். ஏன் என்று கேட்டால் அம்மா, “பெரியவா சொல்லியிருக்கா” என்பாள். எங்கள் வீட்டு வெள்ளரிக்காய்க்கும் மற்றவர் வீட்டு வெள்ளரிக்காய்க்கும் நடுவில் ஒரு சிட்டிகை உப்புதான் மதிலாக நின்றது. மாட்டுங்காவில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். அந்த எல்லைக்கு வெளியே யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள அவசியமும் இல்லை.

நான் சொல்ல வந்த வருஷம் துரைக்குப் புதிதாகக் கல்யாணம் ஆகி, மனைவி கப்பலில் வந்து இறங்கியிருந்தாள். ஹோட்டல் பண்டம் வேண்டாம், ஆபீஸ் பெண்களே செய்யட்டும், அழகாக இருக்கும் என்று அவளுக்கு ஒரு ஆசை. மாடியில் அடுப்பு மூட்டக் கூடாது என்று சொன்னதும், ஒரு ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து இரண்டு தாள்களைக் கிழித்துக் கொடுத்தனுப்பினாள். அடுப்பே இல்லாமல் செய்யும் பண்டிகைத் தின்பண்டங்கள், படத்தோடு. எங்கள் தலைமை டைப்பிஸ்ட் மிஸ் லோபோ அதை உரக்கப் படித்தாள். முட்டைக்கோஸில் வெள்ளிக் காகிதம் சுற்றி, சீஸும் அன்னாசியும் கோத்த குச்சிகளை முள்ளம்பன்றி மாதிரி குத்த வேண்டும். பிஸ்கட்டில் சீஸ் தடவி மேலே ஒரு ஆலிவ் வைக்க வேண்டும். ஆலிவ் என்றால் என்ன என்று எங்களில் யாருக்கும் தெரியாததால் திராட்சையை வைத்தோம். பல்குச்சிக்காக கிராஃபோர்ட் மார்க்கெட் போன பியூன் பாண்டுரங், கடை மூடியிருந்ததென்று ஒரு புதுத் துடைப்பத்தை வாங்கி வந்துவிட்டான். அதன் குச்சிகளைக் கழுவி, ஒரே அளவாக நறுக்கி வைத்தோம். துரைசானி பார்த்துவிட்டு எவ்வளவு நேர்த்தி என்று மெச்சினாள். துடைப்பத்துக்கு அந்த மாதிரி ஒரு பாராட்டு அதற்கு முன்னும் பின்னும் கிடைத்திருக்காது.

மிஸ் லோபோவைப் பற்றி ஒரு வார்த்தை. இருபத்தைந்து வருஷம் அதே நாற்காலியில் இருந்தவள். இரண்டு பேர் சிநேகமாக இருந்தால் அவளுக்குத் தூக்கம் வராது. நவம்பர் கடைசியில் ஒரு நாள் எங்களைக் கூப்பிட்டு, புது வருஷத்தில் நிரந்தரமாவது ஒரே ஒருத்திதான், இடம் ஒன்றுதான் இருக்கிறது, கல்யாணராமன் யார் பெயரை எழுதுகிறாரோ அவளுக்கு என்று இனிப்பாகச் சொன்னாள். சொல்லிவிட்டு எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.  அன்றைக்கு ரயில் தாதர் தாண்டியதும் எஸ்தர், “யாருக்குக் கெடச்சாலும் சரி, ரயில்ல ஒனக்குச் சீட்டு நாந்தாம் பிடிப்பேன்” என்றாள். நான் சிரித்தேன். மனசுக்குள் கணக்குப் போட்டேன். மாமா எங்கள் கட்டடம், எங்கள் மனிதர், அதனால் எனக்குத்தான் என்று முதலில் தோன்றியது. அப்புறம், அவர் வேலை விஷயத்தில் அப்படிப்பட்டவர் இல்லை என்பதும் ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து எஸ்தரின் விரல்கள் ஓடும் சத்தம் எனக்கு எரிச்சலாக இருந்தது. பொறாமை என்றுதான் அதற்குப் பெயர், வேறு பெயர் தேட வேண்டியதில்லை.

பார்ட்டிக்கு ஒரு வாரம் முன்பு எஸ்தர் கேட்டாள். “கல்யாணராமன் சார் வருசா வருசம் ஆரஞ்ச வச்சிக்கிட்டு நிக்காரு, பாவமால்லா இருக்கு. அவங்க என்னட்டி சாப்பிடுவாங்க?” அவர் கையால் தன் பெயர் எழுதப்பட வேண்டும் என்ற ஆசை அவளுக்கு இருந்திருக்கும், ஏன் இருக்கக் கூடாது? ஆனால் பாவம் என்று சொன்னதும் நிஜம்தான். அடுத்தவர் பசியைப் பார்த்தால் அவளால் சும்மா இருக்க முடியாது. வேகவைக்காததாக இருந்தால் சாப்பிடுவார்கள், கத்தியும் தட்டும் சுத்தமாக இருக்க வேண்டும் என்று சொன்னேன். உப்பைப் பற்றிச் சொல்லவில்லை. அன்றைக்கு அது நிஜமாகவே ஞாபகத்துக்கு வரவில்லை. இது ஒன்றுதான் எனக்கு இருக்கிற சமாதானம், இதையும் அதிகம் நீட்ட முடியாது.

பார்ட்டி அன்று ரெக்கார்டு அறையின் நீள மேஜையில் காலையிலிருந்தே வேலை. எஸ்தர் தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு வந்திருந்தாள். மாட்டுங்கா மார்க்கெட்டில் ஒரு புது எவர்சில்வர் தாம்பாளமும் புதுக் கத்தியும் வாங்கியிருந்தாள். கடைக்காரன் ஒட்டிய சீட்டைக் கூட என் எதிரில்தான் கிழித்தாள், சந்தேகம் யாருக்கும் வரக் கூடாதென்று. எல்லோருக்குமான அன்னாசி, சீஸ், பிஸ்கட் வேலையை முடித்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, தனி மேஜையில் ஆரம்பித்தாள். வெள்ளரிப் பிஞ்சுகளை நீளவாக்கில் பிளந்து, விதையைச் சுரண்டியெடுத்து, தோணி மாதிரி அடுக்கினாள். ஊறவைத்த பாசிப்பருப்பு, துருவிய தேங்காய், காரட், கொத்தமல்லி, எலுமிச்சை பிழிந்து தோணிகளை நிரப்பினாள். கொட்டை நீக்கிய பேரீச்சம்பழத்தில் முந்திரி. ஓரத்தில் கொய்யாத் துண்டுகள். பத்திரிகைப் படத்தில் இருந்ததெல்லாம் அதன் பக்கத்தில் நிற்காது. அதிலிருந்து ஒரு பருப்பைக் கூட அவள் வாயில் போட்டுப் பார்க்கவில்லை. எச்சில் ஆகிவிடுமாம். அதை யார் அவளுக்குச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. அவளாகவே யோசித்திருப்பாள்.

ருசி பார்க்காததால்தான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. உப்புப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“இதுக்கு உப்பு போடணுமாட்டி?”

எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. முழுசாக, அம்மாவின் குரலோடு வந்தது. வேண்டாம் என்று சொல்ல ஒரு நொடி போதும். அவள் பொட்டலத்தை மடித்து வைத்திருப்பாள், அவ்வளவுதான் விஷயம். மேஜை மேல் அந்தத் தாம்பாளம் பச்சையும் சிவப்புமாக மின்னிக்கொண்டிருந்தது. மாமா அதைப் பார்த்து முகம் மலர்வது என் கண்ணுக்குத் தெரிந்தது. கூடவே அவர் பேனா எழுதப் போகிற பெயரும் தெரிந்தது.

“போடு. உப்பில்லாம எப்படிச் சாப்பிடுவா?” என்றேன்.

அவள் போட்டாள். சரியாக, அளவாகப் போட்டாள்.

நாலு மணிக்குத் துரை, துரைசானி, எல்லோரும் கூடினார்கள். கிராமபோனில் ஏதோ பாட்டு. கல்யாணராமன் வழக்கம்போல ஆரஞ்சைத் தேடி மேஜைக்கு வந்தார். தனித் தாம்பாளத்தைப் பார்த்து நின்றார். இது உங்களுக்காக, புதுக் கத்தி, புதுத் தட்டு, எதுவும் வேகவைத்ததில்லை என்று நான்தான் சொன்னேன், எஸ்தர் என் பின்னால் நின்றாள். அவர் முகம் மாறியது. அவரை அத்தனை சந்தோஷமாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வருஷா வருஷம் சுவரோரமாக நிற்பது அவருக்கும் வலித்திருக்கிறது போல. “பேஷ்” என்று சொல்லி ஒரு தோணியை எடுத்தார். மற்ற மாட்டுங்காக்காரர்களும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு, பெரியவர் வாயில் வைக்கட்டும் என்று காத்திருந்தார்கள். துரை தூரத்திலிருந்து பார்த்து மனைவியிடம் காட்டினார். எஸ்தர் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

தோணி அவர் வாய்க்கு அருகில் போகும்போது சொன்னேன்.

“மாமா, உப்பு போட்டிருக்கு.”

ஆபீஸில் அவரை நான் மாமா என்று கூப்பிட்டது அது ஒரு தடவைதான். அக்கறையான குரலில் சொன்னேன். நம் வீட்டுப் பெண் சமயத்தில் காப்பாற்றிவிட்டாள் என்று யாருக்கும் தோன்றும்படி சொன்னேன்.

அவர் கை அப்படியே நின்றது. தோணியைத் தட்டில் திரும்ப வைக்கவில்லை, குனிந்து குப்பைக் கூடையில் போட்டார். கைக்குட்டையில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். மற்றவர்களும் வரிசையாக வந்து கூடையில் போட்டார்கள். உப்பு யார் போட்டது என்று மாமா கேட்டார். “நாந்தான் சார்” என்றாள் எஸ்தர். நான் போடச் சொன்னேன் என்று அவள் சொல்வாள் என்று நினைத்து என் காது இரண்டும் சூடாயிற்று. அவள் சொல்லவில்லை. என் முழங்கையை மட்டும் விட்டாள்.

“தெரியலேன்னா கேக்கணும்மா” என்றார் கல்யாணராமன், கோபமே இல்லாமல். “கேட்டுண்டு பண்றதுக்கு நம்மாத்துப் பொண்ணு இதோ பக்கத்துலயே இருக்காளே.”

இதோடு முடிந்திருந்தால் கூட எஸ்தர் ஒருவேளை பிழைத்திருப்பாள். துரை வந்து என்ன விஷயம் என்று கேட்டார். பத்து, தோஷம் எல்லாம் இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? கல்யாணராமன் சங்கடப்பட்டு, சுத்தமில்லை என்று சொல்லிவிட்டார். அவர் சொன்ன சுத்தம் வேறு, துரைசானி கேட்ட சுத்தம் வேறு. அவளுக்கு வந்த நாள் முதல் டைபாய்டு பயம். யார் செய்தது, அந்தப் பெண் எங்கே இருக்கிறாள் என்று கேட்டாள். மிஸ் லோபோ காத்திருந்தவள் போல, தாராவி என்றாள். துரைசானி கையில் இருந்த குச்சியைக் கீழே வைத்தாள். மற்றத் தட்டுகளையும் இவள் தொட்டாளா என்று அடுத்த கேள்வி. எல்லா அன்னாசியையும் நறுக்கியவள் அவள்தானே. முள்ளம்பன்றி முதல் பிஸ்கட் வரை அத்தனையையும் எடுத்துப்போகச் சொன்னார்கள். பாண்டுரங் தட்டுகளைக் கீழே கொண்டுபோனான். வாட்ச்மேன்களும் பஞ்சு மூட்டை தூக்குகிறவர்களும் ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் தின்றார்கள். ஒருவருக்கும் வயிறு வலிக்கவில்லை. மாடியில் எல்லோரும் ஆளுக்கொரு ஆரஞ்சோடு நின்றோம், அந்த வருஷம் துரையும் சேர்ந்து. அன்னாசி டின்கள் மட்டும் ரெக்கார்டு அறையில் திறந்தபடி கிடந்து, அறையெல்லாம் அந்தப் பாகின் வாசனை.

எஸ்தர் மேஜையைத் துடைத்தாள். தாம்பாளத்தைக் கழுவி, செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டாள். வி.டி. ஸ்டேஷனில் நான் வேண்டுமென்றே பின்தங்கினேன். லேடீஸ் டப்பா வாசலில் எனக்காக நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது. முன்னாடியே உனக்குத் தெரியுமா என்று கேட்டாள். மறந்துவிட்டேன், அவர் எடுத்தபோதுதான் ஞாபகம் வந்தது என்றேன். பொய் என்னிடமிருந்து வெண்ணெயில் கத்தி போல இறங்கியது.

“அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்” என்றாள். “நீ சொல்லித்தான் போட்டேன்னு நாஞ் சொன்னா ஒனக்குல்லா கெட்ட பேரு. ஒங்க ஆளுக ஒன்னையச் சும்மா விடுவாங்களா? அதாம் வாயத் தொறக்கல. நீ அழாதட்டி.”

நான் அழுதுகொண்டிருந்தேன் என்பது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அது எதற்கான அழுகை என்று இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மாட்டிக்கொள்ளவில்லை என்ற நிம்மதியும் அதில் பாதி இருந்தது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நான் அவளை நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன், அதனால் அவளுக்கு என்ன லாபம்?

புது வருஷத்தின் முதல் வேலை நாளில் எனக்கு நிரந்தரக் கடிதம் வந்தது. அவளுக்கு, இனி வர வேண்டாம் என்று கடிதம் வந்தது. மறுநாள் மாட்டுங்காவில் ரயில் வந்து நின்றபோது, பழக்கத்தில் ஜன்னலோரம் பார்த்தேன். ஒரு குஜராத்தி அம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வி.டி. வரை நின்றுகொண்டே போனேன். எஸ்தர் குர்லாவில் ஒரு பட்டறையில் சாமான்களுக்குச் சீட்டு ஒட்டும் வேலைக்குப் போகிறாள் என்று பாண்டுரங் ஒரு தடவை சொன்னான். டைப் அடிக்கிற விரல். அப்புறம் அவனும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எனக்குக் கல்யாணமாகி செம்பூருக்கு வந்தேன். மிஸ் லோபோ ஓய்வு பெற, அவள் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். கல்யாணராமன் ஊருக்குப் போய் அங்கேயே காலமானார். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு கம்பெனி கைமாறியது. பழைய கோப்புகளைக் காகிதக் கூழுக்கு அனுப்ப வேண்டும், ஒவ்வொன்றையும் பார்த்து எண்ணைப் பட்டியல் போடு என்று என்னிடம் சொன்னார்கள். ரெக்கார்டு அறையில், அதே நீள மேஜையில் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தபோது எங்கள் கோப்பு வந்தது.

அதில் ஒரே ஒரு காகிதம். டிசம்பர் முதல் வாரத் தேதி, கல்யாணராமனின் மணிமணியான கையெழுத்து. நிரந்தர இடங்கள் இரண்டு அனுமதியாகியிருக்கின்றன, தற்காலிகப் பெண்கள் இருவரையும் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார். எஸ்தர் பெயருக்கு எதிரே, இருவரில் வேகமானவர், பிழையே வராது என்று ஒரு வரி. என் பெயருக்கு எதிரே ஒன்றும் இல்லை. கிறிஸ்மஸுக்கு மறுநாள் தேதியிட்டு, துரையின் சிவப்புப் பென்சில் எஸ்தர் பெயரை அடித்திருந்தது. ஓரத்தில் சுகாதாரம் என்ற ஒரே சொல்லும் அவர் சுருக்கொப்பமும்.

இரண்டு இடம் இருந்திருக்கிறது. நான் அன்றைக்கு உப்பு வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் எனக்கு வேலை இருந்திருக்கும், பக்கத்து மேஜையில் அவளும் இருந்திருப்பாள்.

அந்தக் காகிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு நாலு நாள் அலைந்தேன். வீட்டுக்குப் போகிற வழியில் குர்லாவில் இறங்கி வண்டி மாறினால் அடுத்த ஸ்டேஷன் சயான். ஐந்து நிமிஷம். இரண்டு சாயங்காலம் குர்லாவில் இறங்கவும் செய்தேன். பிளாட்பாரத்தில் நின்று, அவள் முன்னால் இதை நீட்டினால் அவள் என்ன சொல்வாள் என்று யோசித்தேன். என்னைத் திட்டுவாள் என்று பயமில்லை. மறுபடியும் அழாதட்டி என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? இரண்டு நாளும் அடுத்த வண்டி பிடித்து செம்பூருக்கே வந்து சேர்ந்தேன். வீட்டில் குழந்தைக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தேன். அது ஒரு நல்ல சாக்கு.

இப்போது அந்தக் கம்பெனி இல்லை. பஞ்சு அறை இருந்த மாடியில் கண்ணாடிக் கதவு வைத்து ஏதோ பாங்கு நடக்கிறது. டைப்பிஸ்ட் என்று ஒரு வேலை இருந்ததே என் பேரனுக்குத் தெரியாது. தாராவித் தோல் ஷாப்புகள் முக்காலும் இடம் பெயர்ந்துவிட்டன, எஸ்தர் தன் வீடு என்று சொன்ன சந்துக்கு இப்போது வேறு பெயர் என்று கேள்வி. மாட்டுங்காவில் அந்தக் கட்டடத்தை இடித்துப் பதினெட்டு மாடி எழுப்பிவிட்டார்கள். அந்தப் பன்னிரண்டு குமாஸ்தாக்களின் பேரப் பிள்ளைகள் ரோட்டோரம் நின்று எதையும் எவர் கையாலும் வாங்கித் தின்கிறார்கள், நன்றாகத் தின்னட்டும். பத்து என்றால் அவர்களுக்கு ஒன்பதுக்கு அடுத்த எண். ஒரு குடும்பத்தின் சோற்றைப் பறிக்கிற அளவுக்குப் பலமாக இருந்த சாஸ்திரம், யாரும் எதிர்க்காமலே, ஒரு சண்டை சச்சரவு இல்லாமல், தானாகவே உதிர்ந்துபோயிற்று. கொஞ்சம் முன்னாலேயே உதிர்ந்திருக்கலாம்.

அந்தக் காகிதம் என்னவாயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள். ஐந்தாம் நாள் காலையில் அதைக் கோப்பிலேயே திரும்ப வைத்துக் கட்டினேன். அழிக்க வேண்டிய கோப்புகளின் பட்டியலை நான்தான் டைப் அடித்தேன், அடியில் கையெழுத்துப் போட்டவளும் நானே. மத்தியானம் லாரி வந்தது. அந்தக் கம்பெனியில் எஸ்தர் என்று ஒருத்தி வேலை பார்த்தாள், நன்றாக வேலை பார்த்தாள் என்பதற்கு இருந்த ஒரே காகிதம் அது. அந்தக் கோப்பின் எண்ணைத் தப்பில்லாமல் அடித்தேன்.